துப்பாக்கி உரிமை அமைப்பு ஒன்றுக்குச் சந்தா கட்டிய மூன்றரை ஆண்டுகள்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து 2023 அக்டோபர் வரை, அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போரின் உரிமைகளுக்காக அரசியல்வாதிகளிடம் வாதாடும் ஓர் அமைப்புக்கு நான் கொடுத்த பணம் 2,334 டாலர். அந்த அமைப்பிடம் ஒரே ஒரு கேள்விக்கு விடை கிடைக்காமல், வெளியே ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போய்க் கேட்டதற்கு ஆன செலவு 450 டாலர். இவற்றைவிடப் பெரிது, அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நான் தூங்காமல் கழித்த பதினோரு இரவுகள். டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் பக்கத்தில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. ஆனால் பொங்கல் விழாவிலோ பிறந்தநாள் விருந்திலோ யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நானும் திறந்ததில்லை. அதனால்தான் யாரும் என்னை எச்சரிக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கிரீன் கார்டு வாங்கி, துப்பாக்கியும் வாங்கி, சுடுதளத்தில் யாரோ ஒருவர் நீட்டும் உறுப்பினர் படிவத்தின் முன் நிற்கும் அடுத்த மனிதருக்காக இதை எழுதுகிறேன்.

என் பணத்தை வாங்கிய அமைப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது தேசிய ரைஃபிள் சங்கம் அல்ல என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என்.ஆர்.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் அந்தச் சங்கத்தைப் பற்றிப் பின்னால் பெயர் சொல்லியே பேச வேண்டியிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நான் தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தவன். மலையடிவாரத்தில் எங்கள் தாத்தாவுக்கு நிலக்கடலைக் காடு இருந்தது. காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்காக உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, தேர்தல் முடிந்தபின் திரும்ப வாங்கி வருவார். துப்பாக்கி என்றால் அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுப்பது, நினைத்தால் திரும்ப வாங்கிக்கொள்வது என்ற எண்ணம் அங்கேதான் எனக்குள் ஊன்றியது. எனவே 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக்குப் பயந்து கடைகளில் வரிசை நின்ற நாள்களில், நானும் ஒரு கடையில் நின்று 9 மில்லிமீட்டர் பிஸ்டல் ஒன்றை வாங்கியபோது, இந்நாட்டில் அது அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் அளிக்கும் உரிமை என்பது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். குடியுரிமை எது, குடியேற்ற எண் என்ன, குடியேறாதோர் விசாவில், அதாவது தற்காலிகமாகத் தங்க, வந்தவரா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருந்தன. நான் கிரீன் கார்டு பெற்ற நிரந்தரக் குடியிருப்பாளன் என்பதால் கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்தேன். அந்த ஒரு கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று அன்றைக்கே யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது.

சுடக் கற்றுக்கொள்வதற்காக வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் இருந்த ஒரு சுடுதளத்தில் சேர்ந்தேன். அங்கே எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். வியட்நாம் போரில் பணியாற்றியவர். என் கைப்பிடியைத் திருத்தி, மூச்சை எப்போது நிறுத்த வேண்டும், விசையில் விரலை எப்போது வைக்கவே கூடாது என்பதையெல்லாம் ஒரு காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். அவர்தான் ஒரு சனிக்கிழமையன்று, நுழைவாயிலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அமைப்பினரிடம் என்னை அழைத்துச் சென்று, “இவர் நம்மவர்” என்று அறிமுகப்படுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்நாட்டில் வேலை பார்த்தும், என் உச்சரிப்பைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களைப் பார்த்துப் பழகியவன் நான். அந்த இரண்டு சொற்கள் என்னை எவ்வளவு இளக்கிவிட்டன என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓராண்டுச் சந்தா போதும் என்று நினைத்துக்கொண்டு போனவன், ஆயிரம் டாலர் ஆயுள் உறுப்பினர் திட்டத்தில், மாதம் 40 டாலர் வீதம் இருபத்தைந்து தவணைகளுக்குக் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன். சட்டப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று, மாதம் 18 டாலர். அதிலும் செப்டம்பரில் சேர்ந்தேன். “துப்பாக்கி தொடர்பாக உங்களுக்கு என்ன சட்டச் சிக்கல் வந்தாலும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்” என்று மேசையில் இருந்தவர் சொன்னார். அச்சிட்ட விதிமுறையில் அப்படி இல்லை. ஆனால் நான் கேட்டதை நம்பினேன், அச்சிட்டதைப் படிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய அமைப்பு ஒன்றின் பெயரில் பெரும்பாலும் மூன்று தனித்தனிப் பைகள் இருக்கும். சந்தா போவது முதல் பைக்கு. அது வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(4) பிரிவில் வரும், சட்டமன்றங்களில் வாதாடலாம், ஆனால் அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு வரிச்சலுகை கிடையாது. பயிற்சி, கல்வி என்ற பெயரில் இயங்கும் அறக்கட்டளை இரண்டாவது பை. அது 501(சி)(3), அதற்கு வரிச்சலுகை உண்டு, ஆனால் அது தேர்தலில் யாரையும் ஆதரிக்கக் கூடாது. மூன்றாவது, வேட்பாளர்களுக்குப் பணம் கொடுக்கும் அரசியல் நிதிக் குழு. இதற்கு அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டுமே கொடுக்கலாம். எச்-1பி விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் கூட்டாட்சித் தேர்தலானாலும் மாநிலத் தேர்தலானாலும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. மேலும், இப்படிப்பட்ட குழுவுக்கு ஓராண்டில் 200 டாலருக்கு மேல் கொடுத்தால் உங்கள் பெயர், முகவரி, தொழில், பணியாற்றும் நிறுவனம் ஆகியவை கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் பதிவில் ஏறி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். நான் 2020 அக்டோபரில் கொடுத்த 150 டாலர் இந்த மூன்றாவது பைக்குப் போயிருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது. ஓர் உறையில் ‘உறுப்பினர் கருத்துக்கணிப்பு’ என்று வந்த தாளின் கடைசியில் இருந்த கட்டத்தில் குறியிட்டு அனுப்பியிருந்தேன். மறு ஆண்டு வரிக் கணக்கு போடும்போது இந்தச் செலவுகளையெல்லாம் நன்கொடை என்று காட்டப் போனேன்; கணக்காளர் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாக அடித்தார்.

அதன்பின் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ‘இந்த வெற்றியைக் காக்க’ என்று சொல்லி 100 டாலர் கேட்டார்கள், கொடுத்தேன். அதற்கு முன்பும் பின்பும் 50, 100 என்று கொடுத்திருக்கிறேன். ஆனால் நான்காவது முறை கொடுத்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

2022 மே 24 அன்று டெக்சஸின் யுவால்டி ஊரின் ராப் தொடக்கப்பள்ளியில் பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து காரில் நான்கரை மணி நேரத் தூரம். இறந்த பிள்ளைகள் நான்காம் வகுப்பு. என் மகளும் அப்போது நான்காம் வகுப்பு. சில நாள்கள் கழித்து, அவளை அழைத்துவரப் பள்ளி வாசலில் கார் வரிசையில் காத்திருந்தபோது அந்த அழைப்பு வந்தது. பேசியவர் இரங்கல் தெரிவித்துவிட்டு, அதே மூச்சில், “அடுத்த வாரம் நம் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் உங்கள் துப்பாக்கியைப் பறிக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது, இன்றே உதவினால்தான் தடுக்க முடியும்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. எதற்காகப் பதறினேன் என்று பிரித்துப் பார்க்கக்கூடிய நிலையில் நான் இல்லை. பிள்ளைகளை நினைத்தும் பயம், காவலர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வகுப்பறைக்குள் போகாமல் நின்றார்கள் என்ற செய்தியை நினைத்தும் பயம், நம்மை நாமேதான் காத்துக்கொள்ள வேண்டும் என்ற பயம். கார்டு எண்ணைச் சொல்லி 250 டாலர் கொடுத்தேன். தொலைபேசியை வைத்த பிறகு மகள் ஓடிவந்து காரில் ஏறினாள். அவள் முகத்தை அன்று என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அந்த மசோதாவைப் பற்றி ஓராண்டு கழித்துத்தான் தேடிப் பார்த்தேன். டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரியில் தொடங்கி 140 நாள்கள் கூடும் மன்றம். ஆளுநர் சிறப்புக் கூட்டம் அழைத்தாலன்றி இரட்டைப்படை ஆண்டில் அது கூடுவதில்லை. 2022இல் அவர் அழைக்கவில்லை. ஆஸ்டினில் அந்த வாரமும் இல்லை, அந்த ஆண்டு முழுவதும் எந்த வாக்கெடுப்பும் இல்லை. வாஷிங்டனில் ஒரு சட்டம் உருவாகிக்கொண்டிருந்தது உண்மை. அது ஜூன் 25 அன்று கையெழுத்தானது. இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்கள் துப்பாக்கி வாங்கும்போது சிறார் பருவப் பதிவுகளையும் சரிபார்ப்பது போன்ற விதிகள் அதில் இருந்தன. யாருடைய வீட்டிலிருந்தும் துப்பாக்கியைப் பறிக்கும் விதி எதுவும் இல்லை. எனவே யாராவது உங்களை அழைத்து ஒரு மசோதாவின் பெயரால் பணம் கேட்டால், அந்த மசோதாவின் எண்ணைக் கேளுங்கள். டெக்சஸானால் சட்டமன்றத்தின் இணையதளத்தில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸானால் அதன் இணையதளத்தில், அந்த எண்ணைப் போட்டால் அது எந்தக் குழுவில் தூங்குகிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பேசுகிறவர் அமைப்பின் ஊழியரா, அல்லது நிதி திரட்டுவதற்குக் கூலி பெறும் நிறுவனத்தைச் சேர்ந்தவரா என்பதையும் கேளுங்கள். கூலி நிறுவனமாக இருந்தால் நீங்கள் கொடுப்பதில் கணிசமான பங்கு அந்த நிறுவனத்துக்கே போகலாம். அமைப்புகள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் 990 என்ற படிவம் எவரும் பார்க்கக்கூடிய ஆவணம். நிர்வாகிகளின் சம்பளமும் நிதி திரட்டச் செலவானதும் அதில் இருக்கும். நான் சேர்ந்த அமைப்பின் படிவத்தை நான் முதன்முதலாகப் படித்தது, ஆயிரம் டாலரும் கட்டி முடித்து ஓராண்டு ஆன பிறகு.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். 2023 கோடையில் என் அக்கா மகன் எங்கள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தான். டாலஸ் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் விசாவில் முதுகலை படிப்பவன். “மாமா, ஒரே ஒரு தடவ சுட்டுப் பாக்கட்டுமா?” என்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமான சுடுதளம் மூடியிருந்ததால் வேறொரு தளத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கே முகப்பில் இருந்த இளம்பெண் அவனுடைய கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, “நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அவன் சொன்னதும், மன்னிக்க வேண்டும், இவர் கையில் துப்பாக்கி கொடுக்க முடியாது என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நிறத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவும் செய்தேன். அவர் பதற்றப்படாமல் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். குடியேறாதோர் விசாவில் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்றும், தெரிந்தே அவர்களுக்குக் கொடுப்பதும் குற்றம் என்றும் அதில் இருந்தது. மாணவர் விசா, எச்-1பி, அவர்களின் குடும்பத்தினருக்கான எச்-4, சுற்றுலா விசா எல்லாமே இதில் அடங்கும். சுடுதளத்தில் பத்து நிமிடம் வாங்கிச் சுடுவதும் ‘வைத்திருப்பது’ என்ற சொல்லுக்குள் வந்துவிடும். தண்டனை 2022 முதல் பதினைந்து ஆண்டுகள் வரை.

வீடு திரும்பும் வழியில்தான் இன்னொன்று உறைத்தது. துப்பாக்கி இருந்த இரும்புப்பெட்டியின் சாவி, அவன் வந்த நாளிலிருந்து, பூஜை அலமாரியின் ஓரத்தில் எல்லோருக்கும் தெரிய ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் தங்கியிருந்த அறையிலேயேதான் அந்தப் பெட்டியும் இருந்தது. அவன் அதைத் தொட்டதில்லை. ஆனாலும் அது அவனுடைய கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே, அதுவே குற்றமாகுமா? அவனுடைய படிப்பும் என்னுடைய கிரீன் கார்டும் அந்த ஆணியில் தொங்குவதாக எனக்குத் தோன்றியது. துப்பாக்கி தொடர்பான சில குற்றங்களில் தண்டனை பெற்றால் நிரந்தரக் குடியிருப்பாளரையும் நாடு கடத்தலாம் என்று அன்றிரவு படித்தேன். அக்காவிடம் சொல்ல முடியவில்லை. மனைவியிடம்கூட இரண்டு நாள் சொல்லவில்லை.

திங்கள் காலையில் சட்டப் பாதுகாப்புத் திட்டத்தின் எண்ணுக்கு அழைத்தேன். தற்காப்புக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்திய பின் வரும் வழக்குக்கு மட்டுமே அந்தத் திட்டம் பொருந்தும், பொதுவான சட்ட ஆலோசனை அதில் அடங்காது என்றார்கள். அமைப்பின் உறுப்பினர் சேவைக்கு அழைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்தபின், உரியவரிடம் சொல்கிறோம் என்றார்கள். மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் அமைப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, ஆவலோடு பிரித்தேன், ‘பொன்விழா ஆதரவாளர்’ நிலைக்கு உயரும்படி அழைப்பு. நான் ஓர் அமைப்பில் சேர்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு பெயர்ப் பட்டியலில்தான் சேர்ந்திருக்கிறேன் என்பது அந்தக் கடிதத்தைப் படித்தபோது புரிந்தது. மணிக்கூலிக்கு முகப்பில் நின்ற அந்தப் பெண் ஒரு நிமிடத்தில் என்னைக் காப்பாற்றினார். மறுவாரம் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பதினோராம் நாள், குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கண்டுபிடித்து 450 டாலர் கொடுத்து உட்கார்ந்து பேசினேன். என் நிலைமை குறித்து அவர் சொன்னதில் எல்லோருக்கும் பொருந்துவதை மட்டும் எழுதுகிறேன். துப்பாக்கியைக் கையில் எடுத்தால்தான் உடைமை என்பதில்லை. இருக்கும் இடம் தெரிந்து, எடுத்துக்கொள்ளும் வசதியும் எண்ணமும் இருந்தாலே அதை உடைமையாகக் கருத இடமுண்டு. எனவே விசாவில் இருக்கும் எவரும், அது வாழ்க்கைத்துணையாக இருந்தாலும், வீட்டில் இருக்கும்போது சாவியும் பூட்டு எண்ணும் உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும். சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் அதில் வரலாம். ஆனால் அதை நம்பி இறங்குமுன் தனக்கென ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் ஆலோசனை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு புதிய உறுப்பினருக்கும் கொடுத்துவிடலாம். எனக்கு அந்த அமைப்பு மூன்றரை ஆண்டுகளில் அனுப்பிய தாள்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் இந்த ஒரு பக்கம் இல்லை.

விலகுவதும் எளிதாக இல்லை. மாதம் 18 டாலர் வீதம் முப்பத்தெட்டு மாதங்கள் போயிருந்தது. இணையத்தில் சேர முடிந்த திட்டத்திலிருந்து விலகத் தொலைபேசியில்தான் பேச வேண்டும் என்றார்கள். பேசினால் விலகாமல் இருக்கச் சலுகை தருவதாக இழுத்தார்கள். நான்கு அழைப்புகள், ஏறக்குறைய ஆறு மணி நேரம். கடைசியில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அதன் நகலை வங்கிக்கும் கொடுத்து, இனி இந்தப் பெயரில் பணம் பிடிக்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் நின்றது. ஆயுள் சந்தாவில் ஒரு டாலரும் திரும்பவில்லை. இப்போது எதற்கும் கார்டு எண்ணைக் கொடுப்பதில்லை. ஓராண்டுக்கு மட்டும் காசோலையாகக் கொடுக்கிறேன், இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறேன்.

இத்தோடு இந்த விஷயத்தை விட்டுவிடத்தான் நினைத்தேன். 2024 மார்ச்சில் எங்கள் சுடுதளச் சங்கம் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தது: இனி உறுப்பினராக இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் என்.ஆர்.ஏ.விலும் உறுப்பினராக இருக்க வேண்டும். நாட்டில் பல சங்கங்களில் இப்படிப்பட்ட விதி உண்டு. பொதுக்கூட்டத்தில் இரண்டரை மணி நேரம் விவாதம் நடந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர்தான் முதலில் எழுந்தார். உள்நாட்டுப் போரில் தங்கள் வீரர்கள் குறி தவறிச் சுட்டதைக் கண்டு வருந்திய இரண்டு ராணுவ அதிகாரிகள், வில்லியம் சர்ச்சும் ஜார்ஜ் விங்கேட்டும், 1871இல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம் அது. தான் பன்னிரண்டு வயதில் ரைஃபிள் பிடிக்கக் கற்றது அந்தச் சங்கத்தின் பயிற்றுநரிடம். இன்றும் பாதுகாப்புப் பயிற்சிக்கு அதற்கு நிகராக எதுவும் இல்லை என்றார். அதில் எனக்கும் மறுப்பில்லை. அவர் எனக்குக் கற்றுத்தந்தது அந்தப் பயிற்சியின் மிச்சம்தான்.

மறுத்துப் பேசிய ஓர் ஆசிரியை வரலாற்றின் மறுபாதியைச் சொன்னார். 1934இல் அச்சங்கத்தின் தலைவரே காங்கிரஸ் முன் தோன்றி, எல்லோரும் துப்பாக்கியுடன் திரிவதில் தமக்கு நம்பிக்கையில்லை என்று சாட்சியம் அளித்திருக்கிறார். 1977 மே மாதம் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், சாதாரண உறுப்பினர்களே விடிய விடிய உட்கார்ந்து பழைய தலைமையை வாக்களித்து வெளியேற்றிய பிறகுதான் அது இன்றைய அரசியல் வலிமையாக மாறியது. அப்படி உறுப்பினர்களால் பிடிக்கப்பட்ட சங்கத்தில், இப்போது ஆண்டுச் சந்தாக்காரருக்கு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கட்டினால்தான் வாக்குரிமை. அப்போது இயக்குநர் குழுவில் இருந்தவர்களோ எழுபத்தாறு பேர். கூட்டத்துக்குச் சரியாக மூன்று வாரங்களுக்கு முன், பிப்ரவரி 23 அன்று, நியூயார்க் ஜூரி வழங்கிய தீர்ப்பையும் அவர் எடுத்துப் படித்தார். 1991 முதல் அச்சங்கத்தை நடத்திய வேன் லாபியேர், தனி விமானங்களும் ஆடம்பரப் பயணங்களுமாகச் சங்கத்தின் பணத்தைத் தவறாகச் செலவழித்ததற்காக ஏறத்தாழ 43.5 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. கூட்டத்தில் பெருமூச்சுகள் கேட்டன. அங்கே இருந்தவர்களில் பலர் ஓய்வூதியத்திலிருந்து சந்தா கட்டியவர்கள்.

இதற்கு எழுந்த பதிலும் வலுவானதே. தலைவர் தவறு செய்தார் என்பதற்காக அமைப்பைக் கைவிட்டால் யார் நமக்காக நிற்பார்கள், செனட்டர்கள் எண்ணிக்கைக்குத்தான் பயப்படுவார்கள் என்றார் ஒருவர். வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை தனிமனிதருடையது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்ன ஹெல்லர் வழக்கைத் தொடுத்தவர்கள் என்.ஆர்.ஏ.வுக்கு வெளியே இருந்த சில வழக்கறிஞர்கள் என்று மற்றொருவர் நினைவூட்டினார். பிறகு ஒரு கறுப்பின உறுப்பினர், மாநகரப் பேருந்து ஓட்டுநர், மெதுவாக எழுந்து ஒரே ஒரு பெயரைச் சொன்னார்: ஃபிலாண்டோ காஸ்டில். 2016 ஜூலையில் மின்னசோட்டாவில், காரை நிறுத்திய காவலரிடம் தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதாகத் தானே முன்வந்து சொன்னவர்; அடுத்த விநாடிகளில் அந்தக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டவர். சட்டப்படி நடந்த ஒரு துப்பாக்கி உரிமையாளர் அப்படி இறந்தபோது பெரிய அமைப்புகளிடமிருந்து தான் எதிர்பார்த்த குரல் வரவில்லை என்றும், அன்றிலிருந்து தன் சந்தா எங்கே போகிறது என்பதைத் தானே முடிவு செய்வதாகவும் அவர் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல யாரும் எழவில்லை.

அதன்பின் நான் பேசினேன். எங்கள் சுடுதளச் சங்கத்தில் நான்கு ஆண்டுகளில் நான் பொதுவில் பேசியது அதுவே முதல் முறை. எனக்கு நேர்ந்ததை, சாவி தொங்கிய ஆணி உட்பட, பெயர் சொல்லாமல் சொன்னேன். அமைப்பை ஆதரிக்க விரும்புகிறவர் ஆதரிக்கட்டும். ஆனால் சுடக் கற்றுக்கொள்ள வருகிறவரின் கதவில் அதை நிபந்தனையாக மாட்டக் கூடாது, அப்படி மாட்டினால் வருகிறவர் யோசிக்காமல் கையெழுத்திடுவார், நான் அப்படித்தான் கையெழுத்திட்டேன் என்றேன். தீர்மானம் சில வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றது. அந்த ஆண்டு மே மாதம் நியூயார்க் அதிகாரி ஒருவருக்கு எதிரான பேச்சுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக என்.ஆர்.ஏ.வின் பக்கம் தீர்ப்பளித்தது. சீர்திருத்தம் கோரிய சிலர் அதன் இயக்குநர் குழுவிலும் இடம் பிடித்தார்கள். பெரியவர் அந்தச் செய்திகளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அவர் தன் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறார். நான் இன்னும் சேரவில்லை, அந்த இயக்குநர் குழு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில்தான் சுடுகிறோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு எங்கள் சுடுதளச் சங்கம் கொடுக்கும் தாள்களில் இப்போது விசா விதியைப் பற்றிய ஒரு பக்கம் இருக்கிறது. நான் எழுதினேன், அவர் என் ஆங்கிலத்தைத் திருத்தினார், வழக்கறிஞர் பணம் வாங்காமல் ஒரு முறை படித்துக் கொடுத்தார்.

நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். பையை வைத்துவிட்டு, பூஜை அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். ஆணி மட்டும் இருந்தது. “மாமா, சாவி உங்ககிட்டதான இருக்கு?” என்றான். சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன்.